சாணைச் சான்றோரும் தொட்டிலின் நான்கு கால்களும்

ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் வரை வரிசை வகுத்து, புல்லுக்கும் நத்தைக்கும் எறும்புக்கும்கூட உரிய இடம் தந்து, ஒன்றையும் விடாமல் எண்ணி வைத்த நம் முன்னோர், ஓர் இனத்தை மட்டும் பட்டியலில் சேர்க்க மறந்துவிட்டனர். மறந்தனரா, அல்லது அந்த இனம் ஏதேனும் ஒரு வேலையைத் தொடங்கட்டும், பிறகு சேர்த்துக்கொள்வோம் என்று காத்திருந்தனரா? அறியோம். அந்த இனத்துக்கு நாம் இட்டிருக்கும் பெயர் சாணைச் சான்றோர்.

சோம்பேறிகளோடு இவர்களைச் சேர்த்து எண்ணிவிடாதீர்கள், வாசகரே. அது பெரும் பிழை. சோம்பேறி பாயில் கிடப்பார். சாணைச் சான்றோர் கோழி கூவுமுன் எழுவார். சோம்பேறியின் கை மடியில் இருக்கும். இவர் கையோ ஓயாது ஒழியாது கல்லின்மேல் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். வேர்வை வழியும், இடுப்பு நோகும், இரும்புப் பொடி நகக்கண்ணில் கறுத்துக் கிடக்கும். அந்தியில் இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வருவதைப் பார்ப்பவர் யாரும், ஒரு தேருக்கு வேண்டிய மரவேலை முழுவதையும் ஒற்றை ஆளாக முடித்துவிட்டு வருகிறார் என்றே எண்ணுவர். தேர் எங்கே என்று மட்டும் கேட்கக் கூடாது.

பாற்கடலைக் கடைந்த கதை உங்களுக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் இவ்வினத்தார் ஒருவர் இருந்திருந்தால், "மந்தர மலையின் முனை மழுங்கியிருக்கிறது, முதலில் அதைத் தீட்டிக்கொள்வோம்" என்று தொடங்கியிருப்பார். தேவரும் தலையாட்டியிருப்பர், அசுரரும் தலையாட்டியிருப்பர். வாசுகி இன்றளவும் கரையோரமாகச் சுருண்டு படுத்திருக்கும். நஞ்சு வெளிப்பட்டிராது என்பது ஒன்றே அதில் நமக்கு ஆதாயம்.

பொதுவாகப் பேசினால் யாருக்கும் உறைக்காது. ஆகவே ஒருவரைப் பிடித்து நிறுத்திக் காட்டுவோம்.

இரணியல் ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் ஒரு வீடு. காருக்கென்று கட்டிய ஷெட்டில் கடைசல் இயந்திரம் ஒன்று நிழலில் நிற்கும். கார் வெளியே பலா மரத்தடியில் பாலும் பறவை எச்சமும் ஏந்திக்கொண்டு நிற்கும். அந்த வீட்டுக்காரர் சிவபிரசாத். அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்தோராண்டு வரைவாளராக இருந்தவர். அந்த முப்பத்தோராண்டில் அவருடைய பென்சில் முனையை மழுங்கலாகக் கண்டவர் இல்லை. காலையில் ஏழு பென்சிலைச் சீவி வரிசையாக வைப்பார். ஏழாவதைச் சீவி முடிக்கும்போது முதலாவது மழுங்கியிருக்குமோ என்ற ஐயம் வந்துவிடும். வரைபடங்களைப் பக்கத்து மேசைக்காரர் வரைந்தார். சிவபிரசாத்துக்கு வழியனுப்பு விழாவில் கிடைத்த பாராட்டு, "அலுவலகத்திலேயே சிறந்த பென்சில்" என்பது. அதை அவர் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஓய்வு பெற்ற மறுமாதம் கடைசல் இயந்திரம் வந்திறங்கியது. மரக்கட்டையை அதில் பொருத்திச் சுழலவிட்டு, உளியை மெல்லச் சார்த்தினால், கட்டில் காலோ பம்பரமோ உருண்டு திரண்டு எழும். அதனுடன் ஒரு பெட்டியில் ஆறு உளிகளும் வந்தன. ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம். பெட்டியைத் திறந்த அன்று, ஆலையில் பிடித்த கூர் கூரே அன்று, வாங்கியவர்தான் தீட்டிக்கொள்ள வேண்டும் என்று கைபேசிக் காணொளி ஒன்றில் ஒருவர் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே சிவபிரசாத் பிறந்து வளர்ந்து ஓய்வும் பெற்றிருந்தார் என்று சொன்னால் மிகையாகாது.

முதல் உளியைச் சுழலும் சாணைக்கல்லில் வைத்தபோது, கை அழுத்தம் கூடி, எஃகு சூடேறி, முனையில் நீலம் பாய்ந்தது. நஞ்சுண்டவன் கழுத்தைத் தவிர வேறெங்கும் அந்த நீலம் அழகாகாது என்று அன்று அவர் கற்றார். நீலம் பாய்ந்த பகுதியைத் தேய்த்து நீக்கினார். நீக்கும்போது மறுபடி நீலம் பாய்ந்தது. அதையும் நீக்கினார். பிறகு, நீரில் நனைந்து மெல்லச் சுழலும் கல் வாங்கினார். உளியைச் சாயாமல் பிடிக்கும் பிடி வாங்கினார். சாய்கோணம் நாற்பது பாகையா நாற்பத்தைந்து பாகையா என்று ஆராய்ந்து, நாற்பதுக்குத் தீட்டி, நாற்பத்தைந்துக்கு மாற்றி, மனம் கேளாமல் நாற்பத்திரண்டுக்கு வந்து, பித்தளைத் தகட்டில் அளவுகோல் ஒன்று வெட்டி, அந்த அளவுகோலின் ஓரம் கூராக இல்லை என்று கண்டு அதையும் தீட்டினார்.

கைபேசியில் 'கூர்' என்றொரு குழு உண்டு. நூற்று நாற்பத்து மூன்று பேர். காலை வணக்கத்துக்குப் பூப்படம் போடுவோர் அங்கே இல்லை. உளி முனையைப் பெரிதாக்கிய படம் போடுவர். மஸ்கட்டில் வேலை பார்க்கும் ஞானசிங் என்பவர் அக்குழுவின் தூண். அவரிடம் பதினொரு தீட்டுகற்கள் உண்டு; கடைசல் இயந்திரம் இல்லை. ஒருமுறை புது உறுப்பினர் ஒருவர் தாம் கடைந்த குங்குமச் சிமிழ் ஒன்றின் படத்தை அங்கே போட்டுவிட்டார். அரை நாள் எவரும் பேசவில்லை. மாலையில் அவரே மன்னிப்புக் கேட்டு, "கூரைக் காட்டத்தான் போட்டேன்" என்று விளக்கம் தந்தார். குழு அவரைப் பெருந்தன்மையுடன் ஏற்றுக்கொண்டது.

இவ்வினத்தாரைத் தெருவில் கண்டறிவது எப்படி? முன்கையைப் பாருங்கள். கூர் வந்ததா என்று சோதிக்க மயிரை மழித்துப் பார்ப்பது அவர்கள் மரபு. சிவபிரசாத்தின் இடக்கை வைகாசியிலேயே வழுக்கையாயிற்று. வலக்கையை ஆனியில் எடுத்துக்கொண்டார். ஆடியில் பலகாரத் தட்டுடன் விருந்துக்கு வந்த மருமகப் பிள்ளையின் முன்கை அடர்த்தியை அவர் நோக்கிய நோக்கில் ஒரு பசி இருந்ததை மனைவி ஓமனா கவனித்து, மருமகனை அவசரமாகச் சாப்பிட உள்ளே அழைத்துப் போனார். அடுத்த சோதனை செய்தித்தாள். உளி முனையால் தாளை ஓசையின்றி அறுக்க வேண்டும். அந்த வீட்டில் ஓமனா செய்தி வாசித்து மாதங்களாயின; தலைப்பு இருந்தால் செய்தி இராது, செய்தி இருந்தால் மரண அறிவிப்பில் பாதி முகம் இராது.

"இன்னைக்குள்ள பேப்பராக்கும் இது. நேத்துள்ளத வெட்டப்படாதா?" என்பார் ஓமனா.

"நேத்துள்ள பேப்பர் நமுத்துப் போச்சு. கூர் தெரியாது."

"தெரிஞ்சு என்ன செய்யப் போறிய? ஒரு அகப்பைக் காம்பு கடைஞ்சு தாங்கன்னு சொல்லி ஆறு மாசமாச்சு."

"முதல்ல கூர் வரட்டும் ஓமனா. பெறவு பாரு. சுசீந்திரத்துத் தூணைச் செதுக்கினவன் எத்தன நாளு உளி தீட்டியிருப்பான்? அத யோசிச்சியா?"

"அவன் தூணையும் செதுக்கினாம்லா?"

சிவபிரசாத் கல்லின் பக்கம் திரும்பிக்கொண்டார். கல்லுக்கு நீர் தெளித்தார்.

இவ்வளவில் நின்றிருந்தால் யாருக்கும் கேடில்லை, ஓர் அகப்பைதானே. ஆனால் மகள் நந்தனாவின் ஏழாம் மாதச் சடங்கில், பூதப்பாண்டியிலிருந்து வந்திருந்த சம்பந்தி சுயம்புராஜ், பந்தியில் இரண்டாம் பாயசத்துக்குக் காத்திருந்த வேளையில் ஒரு பேச்சை எடுத்தார்.

"தொட்டிலு நாங்க பாத்துக்கிடுகோம் சம்மந்தி. நாகருகோயில்ல ஒரு கடையில நல்லதாக் கண்டு வச்சிருக்கு."

"கடைத் தொட்டிலா?" என்று சிவபிரசாத் இலையிலிருந்து நிமிர்ந்தார். "வீட்டுல லேத்து இருக்க, எம் பேரப்பிள்ள கடைத் தொட்டில்ல கிடக்கவா? நாலு காலும் நானே பலாத் தடியில கடைஞ்சு தாறேன். இருபத்தெட்டாம் நாளு அரைஞாண் கெட்டிப் பிள்ளையக் கிடத்தும்போ நீங்க வந்து பாருங்க."

சுயம்புராஜ் ஓமனாவைப் பார்த்தார். ஓமனா பாயச வாளியைப் பார்த்தார். நந்தனா மட்டும் சிரித்துக்கொண்டு, "அப்பா சொன்னா செய்வாவ மாமா" என்றாள்.

வாசகரே, இந்த ஒரு வரியைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது பேர் கேட்ட சபதத்திலிருந்து நழுவுவதற்கு வழி உண்டு. நம்பிச் சிரித்த ஒரு பெண்ணிடமிருந்து நழுவ வழி கிடையாது.

பலாத் தடி வந்தது. ஐந்து துண்டாக அறுக்கப்பட்டது. நான்கு காலுக்கு, ஒன்று உபரியாகக் கைகாவலுக்கு. தொட்டிலின் சட்டத்தைச் செய்யும் பொறுப்பு கோலப்பன் என்னும் தச்சருக்கு. கால் வந்ததும் பூட்டிவிடலாம் என்று அவர் சொல்லிப் போனார். சிவபிரசாத் ஐந்து துண்டையும் ஷெட்டில் சுவரோரம் நிறுத்தி, அவற்றுக்கு முதுகைக் காட்டி அமர்ந்து, தீட்டத் தொடங்கினார்.

கல்லில் தீட்டினால் முனையில் மெல்லிய பிசிறு எழும். பிசிறைத் தோல்வாரில் பச்சைப் பசை தடவி நீக்க வேண்டும். நீக்கினால் முனை கண்ணாடிபோல் ஒளிரும். ஒளிர்ந்தால் அதில் முகம் தெரியும். முகம் தெரிந்தால் அதில் ஒரு கீறலும் தெரியும். கீறல் தெரிந்தால் மறுபடி கல். பிறவிச் சுழற்சியைப் பெரியோர் இவ்வாறுதான் வருணித்திருக்கின்றனர். அதிலிருந்து விடுபட அவர்கள் விரும்பினார்கள் என்பதே வேறுபாடு.

குழந்தை நாகர்கோவில் மருத்துவமனை ஒன்றில் அறுவை செய்து பிறந்தது. பெண் குழந்தை. தாயும் சேயும் நலம் என்று செவிலியர் வந்து சொன்னபோது, சிவபிரசாத் கை கூப்பி, கண் கலங்கி, தமக்குத் தெரிந்த பதிகம் ஒன்றை முணுமுணுத்து, அது முடிந்ததும் செவிலியரிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"சிஸ்டர், அந்தக் கத்திக்கு இங்க ஆரு கூர் பிடிக்கியது?"

"கூரா? ஒரு தடவ எடுத்தா தூரப் போட்டிருவோம் சார்."

அன்று அவர் உணவு கொள்ளவில்லை. பேத்தி பிறந்த மகிழ்ச்சியில் பசிக்கவில்லை போலும் என்று சம்பந்தி வீட்டார் வியந்தனர்.

இருபதாம் நாள் கோலப்பன் வந்தார். சட்டம் தயார், கால் எங்கே என்று கேட்டார். சிவபிரசாத் பெட்டியைத் திறந்து, பட்டுத்துணி விலக்கி, உளிகளைக் காட்டினார். கோலப்பன் ஒன்றை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, தம் இடக்கைப் பெருவிரல் நகத்தை அதனால் மெல்லச் சீவிக்கொண்டார்.

"நல்ல கூரு சாரே. நகம் வெட்டத் தோதாட்டு இருக்கு. கால் எங்க?"

"கூர் வந்துட்டுல்லா, இனி ஒரு நாள் வேலைதான்."

"அப்பம் இன்னைக்கே தொடங்கலாம்லா?"

"நீ நகம் வெட்டினதுல முனை போச்சு. இனி முதல்ல அது வரட்டும்."

இருபத்து மூன்றாம் நாள் காலை அவர் உண்மையாகவே தொடங்கினார். நாம் அவருக்கு அநீதி செய்யக் கூடாது. முதல் துண்டு பொருத்தப்பட்டது, இயந்திரம் சுழன்றது, உளி மரத்தைத் தொட்டது. தொட்ட இடத்திலிருந்து பொன்னிறச் சீவல் ஒன்று, தாழம்பூ மடல் விரிவதுபோல் நெளிந்து நீண்டு வந்து அவர் மணிக்கட்டில் விழுந்தது. சிவபிரசாத் உடனே இயந்திரத்தை நிறுத்தினார். சீவலைப் படம் பிடித்துக் குழுவுக்கு அனுப்பினார். மஸ்கட்டிலிருந்து ஞானசிங் கைகூப்பிய படம் ஆறு அனுப்பினார். பிறகு சிவபிரசாத் முனையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். மரத்தில் பட்டதால் கூர் சற்றே போயிருந்தது.

மரத்தில் பட்டால் கூர் போகும் என்பதை அவர் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. ஒரு சீவலுக்கு ஒரு மணி நேரம் என்று அன்று முழுவதும் கழிந்தது. மறுநாளும் கழிந்தது. இருபத்தைந்தாம் நாள் பிற்பகல், பதினேழாவது சீவலின்போது, இத்தனை மாதத் தவத்தின் பயன் ஒரு கணத்தில் வெளிப்பட்டது. ஒரு முழம் இருந்த உளி, தீட்டித் தீட்டித் தேய்ந்து, பிடிக்கு வெளியே விரலளவே எஞ்சியிருந்தது. சுழலும் மரத்துக்கும், உளியைத் தாங்கும் தண்டுக்கும் இடையே அது சரியாக எட்டவில்லை. எட்டாத உளியை எட்டிப் பிடித்து அழுத்தினார். முனை மரத்துக்குள் புதைந்தது. கட்டை துள்ளிப் பிளந்தது. ஒரு பாதி பறந்துபோய்ப் பலா மரத்தடியில் நின்ற காரின் கண்ணாடியைத் தொட்டது. விரலில் குருதி கசிந்தது.

ஓமனா வந்து விரலைக் கழுவித் துணி சுற்றினார். ஒரு சொல் சொல்லவில்லை. ஏசினால் தாங்கிக்கொள்ளும் பயிற்சி சிவபிரசாத்துக்கு முப்பத்து நான்காண்டு உண்டு. ஏசாமையைத் தாங்க இல்லை.

உள்ளறையிலிருந்து, குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே நந்தனா குரல் கொடுத்தாள்.

"அப்பா, கைக்கு என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல மக்கா. சின்னதா ஒரு கீறல்."

சற்று நேரம் கழித்து, மெல்லிய குரலில், "கடைத் தொட்டிலு போதும்ப்பா. மாமாகிட்ட நான் சொல்லிக்கிடுகேன்" என்றாள்.

அந்தக் குரலில் கோபம் இல்லை. குறை இல்லை. நோயாளிக்குக் கஞ்சி போதும் என்று சொல்வதுபோல் ஒரு பரிவு இருந்தது. சிவபிரசாத் எஞ்சிய நான்கு துண்டுகளைப் பார்த்தார். நான்கு மாதத்தில் அவற்றை அவர் நேருக்கு நேர் பார்த்தது அப்போதுதான்.

மறுநாள் காலை நான்கு துண்டையும் சாக்கில் கட்டி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு, தக்கலைச் சாலையில் லீலாபாயின் கடைசல் பட்டறைக்குப் போனார். லீலாபாய் நாற்பது வயதுக்காரர். கட்டில் காலும் சப்பாத்திக் கட்டையும் கடைந்து கடைகளுக்கு அனுப்புபவர். அந்தப் பட்டறையைச் சிவபிரசாத் முன்பே அறிவார். தெருவில் நின்றபடி, அங்கே உளி தீட்டும் முறையைப் படம் பிடித்து, 'பாவம்' என்று தலைப்பிட்டுக் குழுவில் போட்டிருக்கிறார். லீலாபாய் உளியைச் சாணையில் மூன்று நொடி தொடுவார். அளவுகோல் இல்லை, தோல்வார் இல்லை. தொட்டுவிட்டு, திரும்பி, கடைவார்.

"என்ன சாரே, எப்பவும் ரோட்டுல நின்னு படம் பிடிச்சிட்டுப் போவிய, இன்னைக்கு உள்ள வந்துட்டிய?"

"தொட்டிலுக்கு நாலு கால் வேணும் லீலாபாய்."

"எப்பம்?"

"இன்னைக்கே வேணும். நாளைக் கழிச்சு இருபத்தெட்டு."

"கொள்ளாம்! இருநூறு சப்பாத்திக் கட்டை அங்கன குவிஞ்சு கிடக்கு, பாத்தியளா? மத்தியானம் வேன் வந்திரும். உங்க வீட்டுலதான் லேத்து உண்டே? எனக்குள்ளதவிடப் பெருசுன்னு கோலப்பன் சொன்னான்."

"உண்டு."

"உளி?"

சிவபிரசாத் பையிலிருந்து பட்டுத்துணியை எடுத்துப் பிரித்தார். லீலாபாய் அந்த உளியை முன்னும் பின்னும் பார்த்தார்.

"நல்ல கூராக்கும். மிச்சம் எங்க சாரே?"

"என்ன மிச்சம்?"

"உளியில மிச்சம்."

அது இரணியலில் ஒரு சாணைக்கல்லின் அடியில் கரிய சேறாகக் கிடந்தது. விரலில் சுற்றிய துணியைப் பார்த்து லீலாபாயே மீதியைப் புரிந்துகொண்டார். "பிள்ளைக்குள்ள காரியமாப் போச்சு. இங்க தாங்க" என்று முதல் துண்டைப் பொருத்தினார்.

பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு கால். மரத்தூள் மழைபோல் பொழிந்தது. சிவபிரசாத் ஒரு முக்காலியில் அமர்ந்து, கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, இரண்டாம் கால் முடியும் வரை பொறுத்திருந்தார். அவர் அறிந்த தவங்களிலெல்லாம் கடியது அதுவே. பக்கத்துப் பலகையில் லீலாபாயின் பெரிய உளி கிடந்தது. அதன் முனையில் ஒரு மழுங்கல், வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. சட்டைப் பையில் அவருடைய சிறு தீட்டுகல் ஒன்று இருந்தது. அது எப்போதும் இருக்கும். உளியை மடியில் எடுத்து வைத்துத் தீட்டத் தொடங்கினார்.

மூன்றாம் கால் பாதியில் லீலாபாய் பார்வை எடுக்காமல் கை நீட்டினார்.

"அந்தப் பெரிய உளிய இங்க எடுங்க."

"ஒரு நிமிசம். முதல்ல கூர் வரட்டும்."

லீலாபாய் திரும்பினார். இயந்திரம் வெறுமனே உறுமியது. மரம் தொடுவாரின்றிச் சுழன்றது.

"சாரே, கட்டை சுத்திக்கிட்டு நிக்கி. தொட்டிலு உங்க பிள்ளைக்காக்கும், எனக்கில்ல."

சிவபிரசாத் உளியைத் தந்தார். ஆறு நிமிடம் உயிரைக் கொடுத்து அவர் ஏற்றிய அந்தக் கூரை, லீலாபாய் பழக்க தோஷத்தில் சாணையில் மூன்று நொடி தொட்டு இல்லாமல் ஆக்கிவிட்டு, மூன்றாம் காலை முடித்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"வேன் வாறதுக்குள்ள நான் கட்டைய எண்ணிக் கெட்டணும். நாலாவத நீங்க கடைங்க. இதுதான் உளி."

"இதுலயா? இது..."

"வெட்டும். அந்தச் சின்னக் கல்ல இங்க வச்சிட்டுப் போங்க." கல்லை வாங்கித் தம் சுடிதார்ப் பைக்குள் போட்டுக்கொண்டார். சாணையின் மின்னிணைப்பையும் பிடுங்கிவிட்டுப் போனார்.

அடுத்த இரண்டு மணி நேரம் சிவபிரசாத் ஒரு மழுங்கலான உளியுடன் தனித்து விடப்பட்டார். மரம் பிசிறடித்தது. ஓரிடத்தில் குழி விழுந்தது. குழியை மறைக்கச் சுற்றிலும் எடுத்ததில் கழுத்து மெலிந்தது. கழுத்து மெலிந்ததில் வயிறு பெருத்ததுபோல் தோன்றியது. சீவல்கள் கணுக்கால் அளவு குவிந்தன. ஒன்றையும் அவர் படம் பிடிக்கவில்லை. நான்காம் முறை உளி தானே வழி அறிந்ததுபோல் வழுக்கிச் சென்று ஒரு வளைவை எழுப்பியபோது, அவர் வாய் திறந்து ஏதோ சொன்னார். பதிகமா, வேறு ஏதாவதா என்று வேனில் கட்டை ஏற்றிக்கொண்டிருந்த லீலாபாய்க்குக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஓமனா அவர் தோளைத் தட்டினார்.

"சட்டையில மஞ்சப் பொடி" என்றார். இத்தனை மாதமும் அந்தச் சட்டையில் கறுப்புப் பொடியைத்தான் துவைத்திருக்கிறார். வேறொன்றும் சொல்லாமல் வெந்நீர் போட உள்ளே போனார்.

இருபத்தெட்டாம் நாள் நல்ல நேரத்தில் கோலப்பன் கால்களைப் பூட்டினார். மூன்று கால்கள் ஒரு தாய்ப் பிள்ளைகள்போல் நின்றன. நான்காவது தூரத்து உறவுபோல் நின்றது. அரை விரற்கடை குட்டையும்கூட. அதன் அடியில் கோலப்பன் ஒரு பலகைத் துண்டைச் செருகினார். சம்பந்தி சுயம்புராஜ் தொட்டிலை ஒரு முறை வலம் வந்தார்.

"நாலு காலும் நீங்களே கடைஞ்சதா சம்மந்தி?"

சிவபிரசாத் மகளைப் பார்த்தார். ஆமாம் என்று சொன்னால் மறுப்பவர் அங்கே எவரும் இல்லை.

"ஒண்ணு" என்றார்.

சுயம்புராஜ் குனிந்தார். தேடவில்லை, தயங்கவில்லை, நேராகப் போய்ப் பலகைத் துண்டின்மேல் நின்ற காலில் கை வைத்தார்.

"இதுல்லா?"

"அதேதான்."

முதலில் சிரித்தது நந்தனா. பிறகு எல்லாரும். நந்தனா அரைஞாண் கட்டிய குழந்தையைக் கொண்டுவந்து, தலை அந்தக் காலின் பக்கம் வருமாறு பார்த்துக் கிடத்தினாள். குழந்தை காலை உதைத்தது. தொட்டில் ஒரு பக்கமாய்ச் சற்றே ஆடி நின்றது. குறை மற்ற மூன்று காலில்தான், அவை இதை ஒத்திருந்தால் அந்த ஆட்டம் வந்திராது என்று கோலப்பன் அதற்கும் ஒரு நியாயம் சொன்னார். கணக்கு அப்படி அன்று, யாரும் திருத்தவில்லை.

ஆகவே சிவபிரசாத் திருந்தினார் என்று முடித்துவிடலாமா? இனங்கள் திருந்துவதில்லை, வாசகரே. ஒரு வாரம் கழித்து ஷெட்டில் நீர் தெளிக்கும் ஓசை கேட்டது. நான்காம் கால் கோணியதற்குக் காரணம் லீலாபாயின் உளி மழுங்கியிருந்ததே என்னும் முடிவுக்கு அவர் வந்திருந்தார். புதிய உளிகள் ஆறு வந்திறங்கின. ஒவ்வொன்றும் ஒரு முழம். பேத்தி நடக்கத் தொடங்குமுன் நடைவண்டி ஒன்று கடைந்து தரப்போவதாக அறிவித்தார். இன்னும் பத்து மாதம் இருக்கிறது, அவசரமில்லை, முதலில் கூர் வரட்டும் என்றார். ஓமனா, "ஆமா, வரட்டும்" என்று அன்போடு சொல்லிவிட்டு, அடுக்களைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, லீலாபாய்க்குத் தொலைபேசியில் பேசினார். மூன்று சக்கரம், பலாத் தடி. ஒரு சக்கரத்தை மட்டும் கடையாமல் விட்டு வைக்கச் சொன்னார்.

நீங்கள் இப்போது புன்னகை செய்கிறீர்கள். உங்கள் வீட்டில் கடைசல் இயந்திரம் இல்லை. முன்கையில் மயிரும் குறைவின்றி இருக்கிறது. ஆதலால் இது பிறரைப் பற்றிய கட்டுரை என்று தெளிந்துவிட்டீர்கள். நல்லது. இதை வாசிக்க எடுத்தபோது உங்கள் மேசைமேல் ஒரு வேலை இருந்ததே, எழுத வேண்டிய கடிதமோ, தொடங்க வேண்டிய கணக்கோ, நாலு மாதமாய் நீங்கள் முதுகு காட்டி அமர்ந்திருக்கும் ஏதோ ஒன்று? 'ஒரு கட்டுரை வாசித்துவிட்டு உட்காருவோம், புத்தி கொஞ்சம் கூர்மைப்படும்' என்றுதானே இதை எடுத்தீர்கள்?

கூர் வந்தது போதும். கட்டை சுற்றிக்கொண்டு நிற்கிறது.